பதினோரு குளங்களிலும் ஒரே ஆள்

வண்டி அதற்கு மேல் போகாது. சாலை முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பேராசிரியர் இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. எது முதல்ல படுக்குதுன்னு பார்ப்போம்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும், மாமியாரும் மருமகளும், சிரிக்கவில்லை. மூட்டைகளை இறக்கினார்கள்.

அங்கிருந்து ஆய்வு நிலையத்துக்குக் கால் மணி நேர நடை. மண்ணில் இல்லை, பலகை மேல். பள்ளம் முழுக்க வெந்நீர்க் குளங்கள். சிறிதும் பெரிதுமாகப் பதினொன்று. குளங்களுக்கு நடுவே இருப்பது பார்வைக்குத் தரை மாதிரிதான் தெரியும். சில இடங்களில் அதன் கனம் முட்டை ஓடு அளவுதான். அடியில் கொதிக்கிற அமில நீர். அதனால் இரண்டடி அகலத்துக்குப் பலகை அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். உச்சி வெயிலிலும் ஆவி எழும்பிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படாது. வெள்ளை வெளேரென்று ஒரு இருட்டு.

அழுகிய முட்டை நாற்றம் ஏறியதும் மாமியார் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இங்கதான் என் புள்ள வேலை பார்த்தானா?"

"ஆமா அத்தை."

"எந்தக் குளம்?"

மருமகள் கை நீட்டிக் காட்டவில்லை. "ஏழாவது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நிலையத்தில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்பார்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பின் நுனியில் குவளையைக் கட்டி, குளத்து ஓரத்து நீரை அள்ளி, சூடு பார்த்து, புட்டியில் அடைப்பது அவள் வேலை. அவள் புருஷன் அதே நிலையத்தில் டிரைவர். பத்து மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அவன் பலகையிலிருந்து தவறி ஏழாவது குளத்தில் விழுந்தான் என்று கோப்பில் எழுதியிருந்தது. கொக்கி போட்டுத் துழாவியதில் ஒரு பெல்ட் பக்கிள் மட்டும் வந்தது. மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. எலும்பு உட்பட.

நிலையத்தை மூடினார்கள். இப்போது திறந்தபோது பேராசிரியர் அவளைத்தான் கூப்பிட்டார். எந்தக் குளத்தின் கரையில் கால் வைக்கலாம், எதில் கூடாது என்று அவளுக்குத்தான் அத்துப்படி. வரமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், ஏன் என்று யாராவது கேட்பார்கள். மாமியார் பிடிவாதமாகக் கூடவே கிளம்பினாள். "சமைச்சுப் போட ஆள் வேணும்ல" என்றாள். மகன் போன பிறகும் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பத்து மாதமாக அளந்து அளந்துதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்தின் பூட்டு துருப்பிடித்திருந்தது. மூன்று அறை, ஒரு சமையலறை. தரையில் தூசி கனமாகப் படிந்திருந்தது. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் சட்டென்று நின்றாள்.

"தரை சுடுதே."

"கீழே வெந்நீர் ஓடுதும்மா. பத்து மாசம் ஆளில்லாம இருந்ததுல சூடு ஏறியிருக்கும்" என்றார் பேராசிரியர்.

இதற்கு முன் அந்தத் தரை சுட்டதில்லை. அளவுக்காரிக்குத் தெரியும். சொல்லவில்லை.

*

மறுநாள் காலை பதினோரு குளத்திலும் மாதிரி எடுத்தாள். ஏழாவதில் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நீரின் மேல் ஒரு ஏடு படிந்திருந்தது. காய்ச்சிய பால் ஆறினால் படியுமே, அது போல. முன்பெல்லாம் குளத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக இருக்கும். இப்போது குளம் முழுக்கப் போர்த்தியிருந்தது.

பேராசிரியருக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"உலகத்துல முதல் உயிர் இப்படி ஒரு இடத்துலதான் ஆரம்பிச்சிருக்கும்னு நான் முப்பது வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன். குளம் காயும், நிறையும், திரும்பக் காயும். ஓரத்துல கொழுப்பு மாதிரி ஏடு படியும். அந்த ஏடு சுருண்டு கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பையாகும். உள்ள மாட்டினதை அந்தப் பை விடாது. முதல் உயிரோட முதல் குணமே அதுதான். பிடிச்சதை விடாம இருக்கறது."

அவர் மாதிரிகளை எந்திரத்தில் போட்டார். எந்தெந்த உயிரின் டி.என்.ஏ. நீரில் கலந்திருக்கிறது என்று அது சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும். வழக்கமாக, கொதிநீரில் வாழும் நுண்ணுயிர்களின் பட்டியல்தான் வரும். அன்று பட்டியலின் தலையில் வேறொன்று வந்தது.

"மனுஷன்" என்றார் பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "ஆம்பளை. எவனோ என் குளத்துல எச்சில் துப்பியிருக்கான்."

"நீங்களா இருக்கும் சார். தும்மிக்கிட்டே இருந்தீங்க."

அவர் தன் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. மறுநாள் புது புட்டிகளில், புது கையுறை போட்டு எடுத்து வரச் சொன்னார். அதிலும் அதேதான். பதினோரு குளங்களிலும் ஒரே ஆள். முந்தின நாளைவிட மூன்று மடங்கு அதிகம்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்தச் சூட்டுல, இந்த அமிலத்துல, மனுஷனோட டி.என்.ஏ. ஒரு நாள்கூடத் தாங்காது. சிதைஞ்சு போயிடும். அப்போ என்ன அர்த்தம்? யாரோ தினமும் புதுசா கொண்டாந்து கொட்டணும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"அது அங்கேயே உண்டாகணும்."

அதற்கடுத்த நாள் காலை, அளவுக்காரி புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் சமையலறைக்குப் போய் மாமியாரிடம் ஏதோ தமாஷாகப் பேசி, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்துக்கொண்டு வந்தார். மத்தியானம் எந்திரத்தின் முன்னால் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அளவுக்காரியைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக்கூடாதுதான். ஆனா உங்கிட்ட மறைக்க முடியல. குளத்துல இருக்கறது அந்தம்மாவோட புள்ள."

அவள் கையிலிருந்த புட்டி கீழே விழுந்து உடைந்தது.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏய். அவ்வளவுதான். அடிப்பதற்கு முன்னால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுப்பான். பத்து விரலும் முடிகிற வரைக்கும் அவளுக்கு நேரம் இருக்கும். முகத்தை மூடுவதா, வயிற்றை மூடுவதா என்று முடிவு செய்ய. இரண்டு முறை விலா எலும்பு உடைந்திருக்கிறது. ஒரு முறை, உள்ளே இருந்த உயிரும் போனது.

அந்தக் காலையில், ஏழாவது குளத்தின் பலகை மேல், ஒரு புட்டியைத் தவறவிட்டதற்காக அவன் அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, முகத்தைக் குனிய வைத்து, ஆவியில் காட்டினான். "வேகட்டும்" என்றான். புருவம் கருகும் வாசனை அவளுக்கே வந்தது. கையிலிருந்த எஃகுக் கம்பை எப்படி வீசினாள் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. முழங்காலில் பட்டது. அவன் சரிந்தான்.

முங்கியவன் ஒரு முறை மேலே வந்தான். பலகையின் விளிம்பைப் பிடித்தான். தோல் கையுறை மாதிரி நழுவியது. ஆனாலும் பிடித்தான். கம்பு நான்கு மீட்டர். நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

அவள் நீட்டவில்லை. கம்பின் அடிமுனையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் குத்தினாள்.

பத்து விரலையும்.

*

"நானே போய் ஏழாவதுல ஒரு மாதிரி எடுத்துட்டு வரேன்" என்று பேராசிரியர் கிளம்பினார். வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். அவர் காதில் வாங்கவில்லை. கண்கள் ஜுரம் வந்தவர் மாதிரி பளபளத்தன. "இது செத்ததோட மிச்சம் இல்ல. இது வளர்ற கணக்கு. புரியுதா? வளருது!" கம்பை எடுத்துக்கொண்டு ஆவிக்குள் மறைந்தார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். ஆறாவது குளத்தைத் தாண்டியபோது காற்று ஒரு பக்கமாகத் திரும்பி ஆவி விலகிற்று. பேராசிரியர் பலகை மேல் மண்டியிட்டு, நீரை நோக்கிக் குனிந்திருந்தார்.

குளம் கொதிக்கவில்லை.

பதினோரு குளமும் கொதிக்கவில்லை. அத்தனை நாள் காதை அடைத்த சத்தம் நின்றுபோய், பள்ளமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு, பலகைக்கு அடியில், ஒரு சொடக்கு.

இன்னொன்று.

"சார், எழுந்து வாங்க!"

மூன்று. நான்கு.

"இரு. இந்த ஏட்டுல ஏதோ..."

ஏழு. எட்டு.

"சார்!"

பத்து.

ஏடு கிழிந்து ஒரு கை வந்தது. வெந்த வெள்ளை. நகம் இல்லை, ரேகை இல்லை. அது பேராசிரியரின் பிடரியைப் பற்றி ஒரே இழுப்பில் முகத்தை நீருக்குள் அழுத்தியது. அவர் கால்கள் பலகையை உதைத்தன. பலகை அதிர்ந்தது. ஆணிகள் கிறீச்சிட்டன. அவள் பாய்ந்து அவர் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்து, பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து இழுத்தாள். வந்தார். தோள் வரை வந்தார். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. ஆனால் வாய் மட்டும் திறந்து மூடிற்று. மூச்சு வாங்க முயன்றது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

கை மறுபடி நீண்டு அவர் தோளைத் துழாவியது. அவசரமே இல்லாமல்.

வண்டிச் சாவி அவர் கால்சட்டைப் பையில் இருந்தது. அழுதுகொண்டே அதை உருவி எடுத்தாள். விட்டுவிட்டாள். அவர் சத்தமில்லாமல் வழுக்கி உள்ளே போனார்.

சாவி கையில். சாலை அந்தப் பக்கம், நான்கு நிமிட ஓட்டம். நிலையம் இந்தப் பக்கம். அங்கே மாமியார் சமைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டு வருஷம் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு ஒரு முறைகூட எழுந்து வராத மாமியார்.

ஒரு கணம் சாலைப் பக்கம்தான் காலை எடுத்து வைத்தாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினாள்.

*

சமையலறைத் தரை வெடித்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. மாமியார் மேசை மேல் ஏறி நின்றிருந்தாள். மருமகளின் சட்டையெல்லாம் ரத்தம். கிழவி அதைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டினாள். இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் சாய்த்து வைத்திருந்த பழைய எஃகுக் கம்பை அளவுக்காரி எடுத்துக்கொண்டாள்.

"கையை விடாதீங்க. பலகையைத் தவிர எங்கயும் கால் வைக்காதீங்க. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதீங்க."

"யாரு கூப்பிடப் போறா?"

அவள் பதில் சொல்லத் தேவையும் இல்லாமல் போயிற்று.

"அம்மா" என்றது ஆவி.

மாமியாரின் கை அவள் கைக்குள் ஜில்லிட்டது.

"அம்மா, சுடுதும்மா."

ஒரு பக்கமிருந்து இல்லை. பதினோரு குளத்திலிருந்தும் ஒரே நேரத்தில். சின்ன வயதில் அவன் எப்படி அழைத்திருப்பானோ அப்படி. மாமியார் நடந்துகொண்டே அழுதாள். கால் மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாவது குளம். ஆறாவது குளம்.

ஏழாவதை நெருங்கியபோது குரல் மாறியது.

"ஏய்."

அளவுக்காரியின் உடம்பு அவளைக் கேட்காமலே நின்றது. எட்டு வருஷப் பழக்கம். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. இரண்டு பலகைகளின் இடுக்கு வழியாக வெள்ளை விரல்கள் வந்து அவள் கணுக்காலைச் சுற்றின. தடுக்கி விழுந்தாள். கம்பு உருண்டது. இன்னொரு கை அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த இடத்தில் தோல் பொரிந்தது. அவள் அலறினாள். பலகை ஓரத்தில் அவன் தலை எழுந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏடு. வாய் மட்டும் அவனுடையது.

"வேகட்டும்" என்றது அந்த வாய்.

மாமியார் பார்த்தாள். பெற்றவள் அல்லவா, நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து கம்பை எடுத்தாள்.

"நீதான் தள்ளினேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டீ" என்றாள் மருமகளிடம். குரல் நடுங்கவில்லை. "பக்கிளைக் கொண்டாந்து கொடுத்தப்போ உன் கண்ணுல தண்ணி இல்ல. என் கண்ணுலயும் இல்ல. அப்பவே தெரியும்."

"அத்தை, ஓடுங்க..."

"சும்மா இரு."

கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள். சேற்றில் கல் விழுந்த சத்தம். "அவ மேல முதமுதல்ல கை வெச்ச அன்னிக்கே," இன்னொரு அடி, "இந்தக் கையை ஒடிச்சிருக்கணும்டா. எந்திரிச்சு வரலையே நான்! சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேனே!" அடி. அடி. தாடை பெயர்ந்து தொங்கிற்று. மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. மருமகள் கையை உருவிக்கொண்டாள். மணிக்கட்டுத் தோல் அந்தப் பிடியிலேயே தங்கிவிட்டது. கணுக்காலை விட்ட கை இப்போது கிழவியின் இடுப்பைச் சுற்றியது.

"அம்மா" என்றது, உடைந்த வாயால்.

"வரேண்டா" என்றாள் மாமியார். "உன்னைப் பெத்தவதானே. நானே வரேன்." மருமகளைப் பார்த்துத் தலையை அசைத்தாள், போ என்று. கம்பை விடாமல், அடிப்பதை நிறுத்தாமல், அவனோடு சேர்ந்து உள்ளே இறங்கினாள். ஆவி மூடிக்கொண்ட பிறகும் நீருக்குள் எஃகு மோதும் சத்தம் ஏழெட்டு முறை கேட்டது.

அதன் பிறகு எல்லாக் குளங்களும் ஒரே நேரத்தில் கொதிக்கத் தொடங்கின.

*

தரை உடைந்து இருவர் பலி என்று கோப்பு மூடப்பட்டது. பள்ளத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அவள் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து மணிக்கட்டில் ஒட்டினார்கள். அண்ணன் வந்து, "ஒண்ணும் பேச வேண்டாம், கிளம்பு" என்று தன் ஊருக்கு அழைத்துப் போனான். இருநூற்றைம்பது மைல். மலை இல்லை, குளம் இல்லை. தண்ணீரே இல்லாத ஊர். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. அண்ணி தனி அறை ஒழித்துக் கொடுத்தாள். மெதுவாகத் தூக்கம் வந்தது. ஒரு நாள், அண்ணன் சொன்ன ஏதோ ஒரு அசட்டு ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்தாள். மாமியாரை நினைத்து முதல் முறையாக அழுததும் அந்த வீட்டில்தான்.

மழை பொய்த்து, தெருவின் குழாய்கள் வறண்டதும், தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இரண்டு நாள் எந்திரம் காதைத் துளைத்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரே ஆரவாரம்.

"வந்து பாரேன்!" அண்ணன் வாசலில் நின்று கத்தினான். "முந்நூறு அடியில தண்ணி. அதுவும் வெந்நீர்! இனிமே குளிக்க அடுப்பே பத்த வைக்க வேண்டாம். இந்த ஊர்ல எவனும் கேள்விப்பட்டதே இல்ல!"

அவள் வாசற்படிக்கு வந்தாள். தெரு அவர்கள் வீட்டிலிருந்து கிணறு இருக்கும் முனை வரைக்கும் சரிவாக இறங்கியது. குழாயிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. வாளியும் குடமுமாகப் பெண்கள் சிரித்துக்கொண்டு முட்டி மோதினார்கள். ஒருத்தி இரண்டு கையிலும் ஏந்தி முகம் கழுவினாள். வழிந்த நீர் சாக்கடைப் பக்கமாகப் பள்ளத்தில் ஓடியது. நாற்றம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"என்ன அப்படிப் பார்க்கறே?" என்றான் அண்ணன்.

ஓடிக்கொண்டிருந்த நீர் ஒரு கணம் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதிலிருந்து கயிறு மாதிரி மெல்லிய ஒரு இழை பிரிந்து, சரிவை விட்டுவிட்டு, தெருவின் நடுவே, மேட்டை நோக்கி, யாருடைய காலிலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி, அவள் நின்றிருந்த படிக்கு வர ஆரம்பித்தது.